வயசைச் சொல்லி வாங்கிய கார்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்தி எழுதுவாளாம். திருத்தட்டும். ஆனால் கார் வாங்கிய கதையில் மட்டும் எதையும் விட்டுவிடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்த சமயம் அது. எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, பருத்திக் காட்டுக்கு நடுவில் இருந்தது. யுத்தக் காலத்தில் பருத்தி நல்ல விலைக்குப் போனதால் என் மாமனார் கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருந்தது. கிணறு வெட்ட வேண்டும் என்று அவர் சொன்னார், கார் வாங்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அறுவடை முடியும்வரை இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் கார்தான் ஜெயித்தது. மாமனாருக்கும் உள்ளூர ஆசை இருந்ததுதான் காரணம். கிணறு வெட்டினால் யார் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

எந்தக் கார் என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டையே இல்லை. என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர் வழியாக ஒரு ஜமீன் கார் போகுமாம். நீளமான கறுப்புக் கார், மேலே மடக்குகிற கித்தான் கூரை, பக்கத்தில் ரப்பர் பந்து வைத்த ஹாரன். அது கிளப்பும் புழுதிக்குள்ளேயே அவர் கண்மாய்க்கரை வரை ஓடுவாராம். கல்யாணமான புதிதில் என்னிடம் அவர் பேசியதில் பாதி அந்தக் காரைப் பற்றித்தான். மீதி என்ன பேசினார் என்பதைப் பேத்தியிடம் சொல்ல முடியாது.

அதே கார் இப்போது மதுரையில் கீழவாசல் பக்கம் ஒரு பாயின் கொட்டகையில் விலைக்கு நிற்கிறது என்று தெரிந்ததும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. டிரைவிங் பழகி அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தார்.

கார் பார்க்க என்னையும் கூட்டிப் போனார்கள். பெண்பிள்ளையை அதற்கெல்லாம் யார் கூட்டிப் போவார்கள்? என் மாமியார்தான் சொன்னார், "அவ வந்த வருசந்தான் பசு ரெட்டைக் கண்ணு போட்டுச்சு. அவ கைய வச்சுட்டு வரட்டும்." நான் கத்திரிப்பூக் கலர்ச் சேலை கட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் வந்து இறங்கியதும் மாமனார் ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். அப்படிப்பட்ட பருத்திப்பாலை அதற்கப்புறம் நான் குடிக்கவே இல்லை. சுக்கு தூக்கலாக, கடைசி வாய் வரை தேங்காய்ப்பூ. சரி, அது போகட்டும்.

பாய் கொட்டகையில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று ஜமீன் கார். பக்கத்தில் ஒரு சின்னக் கார், பாசிக் கலர். கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் சாத்தும். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமனார் ஜமீன் காரை மாடு பார்ப்பது மாதிரி சுற்றி வந்தார். முன்னால் குனிந்தார், டயரைத் தட்டினார், சீட்டை அமுக்கினார். என் வீட்டுக்காரர் ஹாரன் பந்தை ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணில் தண்ணீர். நான் பார்த்துவிட்டேன்.

மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் போட்டுப் பாயின் முன்னால் நீட்டினார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தால் அது விலை, சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது.

பாய் சிரித்தார். "அண்ணே, இங்கே நம்மளைத் தவிர ஆருமே இல்லியே."

"இருந்தா என்ன, பழக்கம்."

பாயும் கையை உள்ளே விட்டார். அவருக்கும் சந்தைப் பழக்கம் இருந்திருக்க வேண்டும். துண்டு கொஞ்ச நேரம் குதித்தது. விலை படிந்தது.

"ஒண்ணு சொல்லிப்புடுறேன்," என்றார் பாய். "இனிமே இன்சூரன்ஸ் இல்லாம வண்டிய ரோட்டுல விடக்கூடாதுன்னு சட்டம் வந்திருச்சு. ரெண்டு கடை தள்ளி மாடியில ஒருத்தர் இருக்காரு. அவருகிட்ட எழுதிட்டு வந்து வண்டிய எடுத்துக்கங்க."

மாடியில் இருந்தவர் மூக்குக் கண்ணாடி போட்ட பெரியவர். இன்சூரன்ஸ் என்றால் என்ன என்று பொறுமையாகச் சொன்னார். மாமனார் கேட்டுவிட்டு, "வருசம் முச்சூடும் ஒண்ணும் ஆகலைன்னா கட்டுன பணத்தைத் திருப்பித் தருவீகளா?" என்றார்.

"தர மாட்டோம்."

"அப்ப பணம் வரணும்னா வண்டி கவுரணும்னு நாங்க நேந்துக்கிறணுமா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்காக இல்லை, ஐயா. உங்கள் வண்டி இன்னொருத்தர் மேல் பட்டுட்டா அவருக்காக."

மாமனார் அதைப் பற்றி யோசித்தார். அப்புறம் துண்டை எடுத்துக் கையில் போட்டுப் பெரியவரின் கையைப் பிடித்தார். அவர் பதறிக் கையை இழுத்துக்கொண்டார். "என்ன செய்றீங்க?"

"விலை பேசுறேன்."

"இங்கே பேச்சு கிடையாது. அச்சடிச்ச விலை. பெரிய வண்டிக்கு ஜாஸ்தி, சின்ன வண்டிக்குக் கம்மி. ஓட்டுறவர் இருபத்தஞ்சு வயசுக்குக் கீழேன்னா அதுக்கு மேலே இன்னும் ஜாஸ்தி. தம்பிக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு," என்றார் மாமனார், பட்டென்று.

பெரியவர் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். "மீசை இப்பத்தான் புறப்பட்ட மாதிரி இருக்கு."

"எங்க வம்சத்துல மீசை மெதுவாத்தான் வரும்."

எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளைக்கு இருபத்து மூன்று என்றுதான் சொன்னார்கள். கல்யாணமாகி மூன்று வருஷம். கணக்கு சரியாகத்தானே வருகிறது?

பெரியவர் தாளில் எழுதி, பேனாவை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "சொன்னதெல்லாம் நிஜம்னு கையெழுத்துப் போடுங்க. ஒரு விஷயம். வயசு தப்புன்னு பின்னாடி தெரிஞ்சா, வண்டியில அடிபட்டவருக்கு நாங்க பணம் தர மாட்டோம்னு கை விரிக்கலாம். பாவம் அவர்தான் அலையணும்."

என் வீட்டுக்காரர் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே அந்தக் கறுப்புக் காரின் மூக்கு தெரியும். அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எதற்கு என்று எனக்குப் புரிந்தது. என் அண்ணனைத் திருப்பரங்குன்றத்தில் ஒரு பஸ் தட்டிவிட்டது. காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். பஸ்காரன் ஒரு தம்படி தரவில்லை. அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசற்படி ஏறக் கைகொடுப்பவர் இவர்தான்.

பேனாவை மேஜையில் வைத்தார். "இருபத்திரண்டு, சார்," என்றார்.

மாமனார் இருமினார். இருமல் நிற்கவே இல்லை.

நான் விரலை மடக்கினேன். அவருக்கு இருபத்திரண்டு. எனக்கு இருபத்து மூன்று. எங்கள் அப்பா காலமானதில் என் கல்யாணம் தள்ளிப் போய், இருபது வயதில்தான் நடந்தது. அந்தக் காலத்தில் அது முற்றிய வயது. என் வயதை எங்கள் அம்மா சொல்லிச் சொல்லிப் புலம்பியதில் அது மட்டும் எனக்கு மறக்காது.

"அப்ப நாந்தேன் மூப்பா?" என்றேன்.

மாமனார் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். "எல்லாம் ஒன் அத்தை செஞ்ச வேலை, தாயி. ஒரு கல்யாண வீட்டுல நீ பந்தி பரிமாறுறதப் பாத்துட்டு, இந்தப் புள்ளைய விட்டுறக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னா. பய வயசு இடிச்சுச்சு. நாலு வருசத்தக் கூட்டிச் சொல்லிப்புட்டோம்."

என் வீட்டுக்காரர் காது இரண்டும் சிவந்து நின்றார். "கோவமா, புள்ள?"

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்தக் காதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணாடிப் பெரியவரும் தாளால் வாயை மறைத்துக்கொண்டார். என்னை வேண்டும் என்று பொய் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்று பொய் சொல்லியிருந்தால் அல்லவா கோபம் வரும்?

அப்புறம் பெரியவர் புதிதாக ஒரு விலை சொன்னார். பெரிய கார், சின்ன வயது, இரண்டும் சேர்ந்த விலை. அதைக் கட்டினால் விதைப்புக்குக் கையில் ஒன்றும் இருக்காது. மாமனார் மகனைப் பார்த்தார். மகன் ஜன்னல் வழியாக இன்னொரு தடவை கீழே பார்த்தார். பிறகு, "அந்தப் பாசிக் கலருக்கு எம்புட்டு ஆகும், சார்?" என்று கேட்டார்.

அது கையில் இருந்த பணத்துக்குள் அடங்கியது.

திரும்பிப் போனபோது பாய் எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். மறுபடி துண்டு, மறுபடி விரல். நான் பாசிக் கலர்க் காரின் நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. கறுப்புக் கார் பக்கத்திலேயே நின்றது. என் வீட்டுக்காரர் அதன் மேல் ஒட்டியிருந்த ஒரு வைக்கோல் துரும்பைத் தட்டிவிட்டு வந்து சின்னக் காரில் உட்கார்ந்தார்.

மாமனார் முன்சீட்டில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து வந்தார். நான் பின்னால். வைகைப் பாலம் தாண்டினோம். முன்னால் இருந்த கண்ணாடி வழியாக என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமா இல்லையா என்று அவருக்கு இன்னும் சந்தேகம். எதிரே ஒரு கூண்டு வண்டி வந்தது.

"தம்பி," என்றேன், "ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

மாமனார் சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது. இவர் அசராமல், "சரிங்கக்கா," என்றார். அன்றைக்குச் சிரித்தது மாதிரி நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அப்புறம் சிரித்ததே இல்லை என்று சொல்லலாம்.

ஊர் வந்து சேர்ந்தோம். வாசலில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். ஜமீன் காரைக் காட்டுவதற்காகக் கூட்டி வந்திருந்த நாலைந்து பெண்களும் நின்றார்கள்.

"என்னங்க, இம்புட்டுக்காண்டு இருக்கு?" என்றார் மாமியார்.

மாமனார் கதவைத் தூக்கித் திறந்து, ஒவ்வொரு காலாக வெளியே வைத்தார். "ஒம் மகன் வயசுக்கு இதத்தான் குடுப்பாகளாம்."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கூட நின்ற பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமியார் மெதுவாகப் பக்கத்தில் வந்து, ஆரத்தியைத் தொட்டு முதலில் என் நெற்றியில் வைத்தார். அப்புறம்தான் காருக்கு.