இரண்டாவது காதுக் கருவி

பல்லடத்தில் எங்கள் வீட்டுக்கும் தறிக் குடோனுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அப்பாவும் அம்மாவும் அங்கே கூலிக்கு விசைத்தறி ஓட்டினார்கள். தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. வாயசைவும் கையசைவும்தான் பேச்சு. அம்மா ஒரு முனையில் நின்று உதட்டை மட்டும் அசைப்பாள். மறுமுனையில் அப்பா சிரிப்பார். பள்ளிவிட்டு வந்து வாசலில் நிற்கும் எனக்குப் பாதிதான் புரியும். மீதியைக் கேட்டால், "அது எங்களுக்குள்ள" என்பாள். அவ்வளவு இரைச்சலிலும் அவர்கள் இருவரும் தனியாக இருந்ததுபோலத்தான் இப்போது தோன்றுகிறது.

அப்பாவின் காது போனது எங்களுக்கு வெகுநாள் தெரியவில்லை. வீட்டில் எல்லோருமே உரக்கப் பேசிப் பழகியவர்கள். எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, இருவரையும் சிங்காநல்லூருக்கு அழைத்து வந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. டிவி சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார். அப்பா டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

"அவங்க ஒண்ணு கேக்க நான் ஒண்ணு சொல்ல, எல்லாரும் சிரிக்கறாங்க அம்மணி. எதுக்குப் போகோணும்?" என்று மகளான என்னிடம் சொன்னார்.

தறிச்சத்தத்தில் கெட்ட காது, இரண்டுக்கும் கருவி வேண்டும் என்றார் டாக்டர். விலையைக் கேட்டுவிட்டு ஒரு காதுக்கு மட்டும் வாங்கினோம். "நீங்களும் அதே குடோன்லதானே இருந்தீங்க, ஒரு தடவை பாத்துரலாமா?" என்று டாக்டர் அம்மாவிடமும் கேட்டார்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குதுங்க" என்றாள் அம்மா.

அப்பா கருவி மாட்டி வந்த அன்று மாலை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்காக அப்பாவை முணுமுணுவென்று திட்டிக்கொண்டிருந்தாள். அப்பா எழுந்துபோய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"தெனமும் இப்பிடித்தான் வையறயா?"

அம்மா திரும்பவே இல்லை. திட்டும் நிற்கவில்லை. வீம்பு என்று நினைத்து நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

உண்மை தெரிந்தது கொரோனா காலத்தில். காய்கறி வண்டிக்காரர் விலை சொன்னால் அம்மா பதில் பேசாமல் நின்றாள். பக்கத்து வீட்டம்மாவோடு பேச்சே இல்லை. பயத்தில் ஒடுங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் வேலையிலிருந்து வந்து, மாஸ்க்கைக் கழற்றாமலே, "பால் பொங்குதும்மா" என்றேன். அம்மா என் கண்களைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள். பால் பொங்கி வழிந்தது.

அடுப்பை அணைத்தேன். மாஸ்க்கைக் கழற்றினேன். "எப்ப இருந்தும்மா?"

"உங்கப்பனுக்கு முன்னாலயே, கண்ணு. ஒண்ணு வாங்கறதுக்கே நீ பட்ட பாட்டப் பாத்தனல்லோ? அவரு நாலு பக்கம் போய்வாரவரு. நான் ஊட்டுக்குள்ளதான இருக்கறேன். வாயப் பாத்தே சமாளிச்சுப்போட்டேன்."

கேட்டுக்கொண்டே வந்த அப்பா தன் காதிலிருந்து கருவியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். "இனி நீ போடு." அவள் அதை மறுபடி அவர் காதிலேயே மாட்டப் பார்த்தாள். இரண்டு பேரும் கருவியை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் முகம் கழுவப்போவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

அந்த ஆண்டு வருமான வரி கட்டும்போது, அம்மாவுக்கும் கருவி வாங்கினால் வரி குறையுமா என்று எங்கள் ஆடிட்டரிடம் கேட்டேன். பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பதால் கருவிச் செலவை வரியில் கழிக்க முடியாது என்றார். காப்பீட்டுக்காரர்களோ காதுக் கருவிக்குப் பணம் தருவதில்லை என்று முன்பே கைவிரித்திருந்தார்கள். கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதில் போடும் பேட்டரிக்கு உண்டு. காதுப் பரிசோதனை நிலையத்தில் அம்மாவோடு காத்திருந்தபோது இதைச் சொல்லிப் புலம்பினேன். அங்கிருந்த எல்லோருக்கும் இதே கதை. முக்கால்வாசிப் பேர் தறியிலோ மில்லிலோ வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். காதுக் கருவிக்கு வரியில் தனியாகச் சலுகை வேண்டும் என்று கேட்கக் கிளம்பினோம்.

மக்கள் பிரதிநிதி ஒருவரின் குறைகேட்புக் கூட்டத்துக்குப் போனபோது அம்மாவும் கூட வந்தாள். நான் பேசி முடித்ததும் அவர் குனிந்து காகிதங்களைப் புரட்டியபடி மைக்கில் பதில் சொல்ல ஆரம்பித்தார். அம்மா எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க, கொஞ்சம் மொகத்தக் காட்டிப் பேசுங்க. பாத்தாத்தானுங்க எனக்குக் கேக்கும்."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்து அம்மாவுக்கு எதிரே நின்றார். "சொல்லுங்கம்மா."

"நாங்க தறியில நெஞ்ச துணிய ஊரே கட்டுதுங்க. காதத்தான் அங்கயே உட்டுப்போட்டு வந்தோம். எம்புள்ள அதத் திருப்பி வாங்கித் தாரா. அதுக்குச் சலுகை இல்லீனா எப்பிடீங்க?"

டெல்லியில் பேசுகிறேன் என்றார். பேசியதாகவும் பிறகு சொல்லியனுப்பினார். இதை எழுதும்வரை எதுவும் மாறவில்லை. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்பும் நாங்கள் யாரையாவது போய்ப் பார்க்கிறோம்.

அம்மாவுக்கான கருவியை அலுவலகத்தில் கடன் போட்டு அடுத்த வருடம் வாங்கினேன். அதன்பின் அப்பா இரண்டு ஆண்டுகள்தான் இருந்தார். அந்த இரண்டு ஆண்டுகளில்தான் அவர்கள் மெதுவாகப் பேசிக்கொள்வதை நான் முதன்முதலாகக் கேட்டேன். சாயங்காலம் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் வீட்டுக் கல்யாணம், எந்தக் குடோனை மூடிவிட்டார்கள் என்று தாழ்ந்த குரலில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். அப்பாவின் குரல் அத்தனை மென்மையானது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. நான் டீ கொண்டுபோனால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். டீயை வைத்துவிட்டு நான் உடனே உள்ளே வந்துவிடுவேன்.