எண்பத்தெட்டு போதும்

வெள்ளியங்கிரி முப்பது வருடம் ரிக் வண்டியில் போர்வெல் போட்டவர். ஆந்திரா, சத்தீஸ்கர் என்று வருடத்தில் பத்து மாதம் வெளியூர். பாறைத்தூள் பறக்கும்போது மூக்கில் துண்டுகூடக் கட்டியதில்லை. இப்போது நுரையீரல் முழுக்கத் தழும்பாகிவிட்டது. சங்ககிரிக்கு வெளியே தோட்டத்து வீட்டில், மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் மனைவி மைதிலிக்கு ஐம்பத்தொரு வயது. எதையும் அழுத்திச் சொல்லிப் பழகாதவள். பஸ்ஸில் காலி இடத்தில் யாராவது பையை வைத்திருந்தால், எடுங்க என்று சொல்லக் கூசி, சேலம் வரை நின்றுகொண்டே போவாள்.

ஆக்ஸிஜன் மெஷினைக் கொண்டுவந்து வைத்த பாலசுந்தரம் அவளை உட்காரவைத்துச் சொன்னார்: “மூச்சு அவரேதான் உடறாருங்க, மெஷின் உடறதில்ல. இது ஒரு ஒத்தாசை. ஒத்தாசை மிஞ்சுனா இவரு ஒடம்பு மூச்சு உடறதையே மறந்துரும்.” அளவு இரண்டு லிட்டர். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டரில் எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்குள் இருந்தால் போதும் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்.

ஆனால் கொரோனா வந்துபோன பிறகு ஊரில் எல்லோருக்கும் ஒரே கணக்குதான் தெரியும், தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் ஆபத்து. பார்க்க வருகிறவர்கள் முதலில் மீட்டரைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் அவர் முகத்தை. எண்பத்தொன்பதா என்று பதறுவார்கள். மைதிலி சீட்டைக் காட்டுவாள். யாரும் நம்பியதில்லை. அவர்கள் போன பிறகு அவளுக்கே நம்பிக்கை ஆடும்.

ஆவணியில் ஒருநாள், பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. மைதிலி குழாயை அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு மாற்றி, அளவு காட்டும் கண்ணாடிக் குழலில் ஏறும் சின்னக் குண்டை இரண்டில் நிறுத்தினாள். அன்றுதான் வெள்ளியங்கிரியின் அக்கா செல்லாயி மேச்சேரியிலிருந்து வந்திருந்தாள். பாத்ரூம் போய்வந்த வெள்ளியங்கிரி முட்டியைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு வாங்கினார். மீட்டரில் எண்பத்தேழு.

“காத்துல போயி எதுக்கு புள்ள கஞ்சத்தனம்?” என்றாள் செல்லாயி.

மைதிலி டாக்டர் சொன்னதைச் சொன்னாள். நாத்தனார் கூட இருக்கிற தைரியத்தில், தீர்ந்துபோன மாத்திரையை வாங்கச் சங்ககிரிக்குப் போனாள். திரும்ப இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

வாசலிலேயே செல்லாயி உதட்டில் விரல் வைத்தாள். “சத்தம் போடாத சாமி. எத்தன நாள் தூக்கமோ, அசந்து தூங்குறான். தொண்ணூத்தொம்போது காட்டுது பாரு.”

மைதிலி உள்ளே ஓடினாள். சிலிண்டரில் மாட்டியிருந்த தண்ணீர் பாட்டில் கொதிப்பதுபோலக் குமிழியிட்டது. குண்டு எட்டில் நின்றது. அவர் நெற்றி வேர்த்து, முகம் சிவந்து, கை கதகதவென்று இருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவே இல்லை போலிருந்து, வந்தது. ஏனுங்க, ஏனுங்க என்று உலுக்கினாள். இமை பாதி உயர்ந்து மறுபடி விழுந்தது.

பாலசுந்தரத்துக்கு போன் போட்டாள். ஒரேயடியாக மூடிவிட வேண்டாம், இரண்டுக்கு இறக்குங்கள், நூற்றெட்டைக் கூப்பிடுங்கள், வருகிறவர்களிடம் சீட்டைக் காட்டுங்கள் என்றார்.

அவள் திருகைத் திருப்பினாள். தொண்ணூற்று ஆறு. தொண்ணூற்று இரண்டு. எண்பத்தொன்பது. செல்லாயி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். “கொறைக்காத புள்ள. உங்கையாலயே கொன்னுபோட்டராத.”

மைதிலி திருகிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆம்புலன்சில் வந்த பெண் மீட்டரைப் பார்த்தாள். எண்பத்தாறு. நிறைய ஆக்ஸிஜன் தரும், பையோடு கூடிய பெரிய முகக்கவசத்தை எடுத்தாள். அந்தக் கையை மைதிலி பிடித்துக்கொண்டாள்.

“அது வேண்டாமுங்க. எண்பத்தெட்டு போதும். மேல போச்சுன்னா மூச்சு உடறத மறந்துருவாருங்க.”

அந்தப் பெண் சீட்டை இருபுறமும் படித்தாள். யாருக்கோ போன் செய்து கேட்டாள். பிறகு முகக்கவசத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டு, குழாயிலேயே அளவைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். வண்டி சேலம் ரோட்டில் ஏறியது. மைதிலி எண்ணைப் பார்க்காமல் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தாள். தான் சொன்னது தப்பாக இருந்தால், இந்த உயிர் போவது தன் வாயால்தான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூச்சை உள்ளே தள்ளி உதவும், முகத்தை இறுக்கிப் பிடிக்கும் மெஷின் ஒன்றை வைத்தார்கள். சாயங்காலம் கண் திறந்தார். மாட்டுக்குத் தண்ணி காட்டினாயா என்று கேட்டார்.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். மைதிலி நாத்தனாரைத் திட்டவில்லை. செல்லாயிக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது அவர் இருமினாலும் மூச்சு இளைத்தாலும் மைதிலி அடுப்படி வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் நன்றாகத் தூங்கினால்தான் அவளுக்குத் தாங்காது. ஈரக்கையோடு ஓடிவந்து தோளை உலுக்கி, இன்னிக்கு என்ன கிழமைங்க என்று கேட்பாள். சரியாகச் சொல்லும்வரை விடமாட்டாள். அவருக்கு எரிச்சல்.

“மனுசனத் தூங்க உடு தாயே. வியாழன். போதுமா?”

மைதிலிக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலண்டரைப் பார்க்க உள்ளே ஓடினாள்.