திருடனைப் பிடித்துவிட்டேன்

கல்லூரியில் நூறு கெஜ ஓட்டத்தில் என்னை முந்த ஆளில்லை. அந்தத் திமிரோடுதான் எங்கள் ஊரான காஜா பேராங்கிலிருந்து பஸ் ஏறி, கோலாலம்பூரில் புதிதாக வந்திருந்த தொலைக்காட்சியில் நடிக்கப் போனேன்.

முதல் நாடகத்தில் எனக்குப் போலீஸ்காரர் வேடம். திருடனைத் துரத்த வேண்டும், பிடிக்கக் கூடாது. அவன் தப்பினால்தான் மீதிக் கதை. அப்போதெல்லாம் நாங்கள் நடிக்க நடிக்கவே நாடகம் ஒளிபரப்பாகும். தவறினால் திருத்த வழியில்லை.

திருடனாக நடித்தவர் மாணிக்கம் அண்ணன், நாற்பதைத் தாண்டிய குமாஸ்தா. அவர் ஓடத் தொடங்கியதுமே என் கால்கள் ஒத்திகையை மறந்துவிட்டன. நாலே எட்டில் அவர் காலரைப் பிடித்துவிட்டேன்.

கேமரா எங்களையே பார்த்தது. அண்ணன் பதறாமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஐயா, வீட்டுல புள்ளைக்குக் காய்ச்சல். மருந்து வாங்கத்தான் எடுத்தேன். இந்த ஒரு தடவ விட்டுடுங்கய்யா.”

அப்படியொரு வசனமே நாடகத்தில் கிடையாது. ஆனால் அவர் கண்கள் கலங்கியிருந்தன. என் கை தானாகத் தளர்ந்தது. அவர் ஓடினார்.

முடிந்ததும் தயாரிப்பாளர் கோபமாக வந்தார். தப்பு என்னுடையதுதான், ஆனாலும் நான் அண்ணனுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான் செஞ்சோம் சார்,” என்றார் அண்ணன்.

ஊர் திரும்பியதும், நாடகத்தைப் பார்த்திருந்த கோப்பிக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “புடிச்சவன விட்டியே, அங்கதான்டா எனக்கு அழுகையே வந்துருச்சு.”

அதன்பின் முப்பது ஆண்டுகள் நடித்தேன். ஓடி வாங்கிய கோப்பைகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. என்னை முந்த ஆளில்லை என்று மட்டும் அப்புறம் நான் சொன்னதே இல்லை.