ஊசி குத்திய இடம்

எங்கள் பக்கத்தில் ஊசி போடாதவரை டாக்டர் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரி ஓட்டினார். இடது காலில் கொப்புளமாக வந்தது குழிப்புண்ணாகிக் காய்ச்சலும் சேர்ந்தபோது, ராசிபுரத்தில் தினமும் கேட்டு வாங்கி ஊசி போட்டுக்கொண்டார். புண் கேட்கவில்லை. சேலத்துக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

அங்கே அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். வெட்ட வெட்டப் புண் அகன்றது. கடைசியில் காலையே முழங்காலோடு எடுத்துவிடலாம் என்றார் அறுவை டாக்டர். கிளட்ச் மிதிக்கிற கால். அது போனால் பிழைப்பும் போச்சு. அதற்குள் கையில், தோளுக்குக் கீழே இன்னொரு புண் கிளம்பியது. விஷம் மேலே ஏறிவிட்டது, இனித் தாமதிக்கக் கூடாது என்றார்கள். அவரோ காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அலுத்துப்போயிருந்தது. எதையாவது செய்து தொலையட்டும் என்றுகூடத் தோன்றியது.

காலை எடுப்பதற்கு முன் ஒரு தடவை பார்க்கட்டும் என்று தோல் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் காலைவிடக் கையைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“இந்த இடத்துல முன்னாடி என்னம்மா இருந்தது?”

“ஒண்ணுமில்லீங்க. ராசிபுரத்துல ஊசி போட்ட எடமுங்க.”

“குத்தின அதே இடமா?”

“ஆமாங்க, அதே எடந்தானுங்க.”

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். சீழைச் சோதித்ததில் கிருமியே இல்லை. உடம்பே தன் சதையைத் தின்கிற அபூர்வமான நோய் இது. குத்தினாலும் வெட்டினாலும் அங்கேயே இன்னும் மூர்க்கமாகக் கிளம்பும். காலை எடுத்தால் எடுத்த இடத்திலும் வரும். உடம்பின் அந்த வேகத்தை அடக்குகிற ஸ்டீராய்டு மாத்திரைதான் வழி. அறுவை டாக்டருக்குக் கோபம். சோதனையில் சிக்காத கிருமியாக இருந்துவிட்டால் அந்த மாத்திரையே ஆளை முடித்துவிடும் என்றார். அதுவும் உண்மைதான் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார்.

முடிவை என் தலையில் போட்டார்கள். மாத்திரை கொடுங்க என்றேன். அன்று எனக்கிருந்த தைரியத்தைச் சொந்தக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். தைரியமாவது ஒன்றாவது. இன்னொரு முறை அவரை வெட்டக் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார என் உடம்பில் தெம்பில்லை.

அப்புறம் அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே கிடந்தேன். அது சுடும்போதெல்லாம், நானே கொன்றுவிட்டேனோ என்று பயம். ஒரு காலையில் கட்டைப் பிரித்தபோது புண் மேலும் பரவாமல் நின்றிருந்தது. அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார்.

“வலி கொறஞ்சிருக்குது புள்ள. நீ போயிக் கொஞ்சம் படு.”

கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அத்தனை நாள் அடக்கிவைத்த அழுகைதான் வந்தது.