பாக்கியவதி கவிழ்த்த முதல் டிகாஷன்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஊரிகம் லைன் வீடு ஒன்றில், அரசியல் சட்டத்தைவிடப் பழையது போல ஒரு விதி அமலில் இருந்தது. ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாஷன் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆளுக்கு. சுரங்கம் மூடியாயிற்று, ஷிஃப்ட் சங்கு ஓய்ந்தாயிற்று. அந்தச் சில்லறை விஷயங்களை ராஜேந்திரன் பொருட்படுத்தவில்லை. இன்றைக்கும் விடிகாலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு ஷிஃப்ட்டுக்கு உட்கார்ந்துவிடுவார்.

நிஜமாகவே வேலைக்குப் போகிற மகன் மனோகர், ஸ்டேஷன் டீயை ஊதிக் குடித்துவிட்டு பெங்களூரு ரயிலில் தொற்றிக்கொள்வான். மருமகள் பாக்கியவதிக்கு இரண்டாம் டிகாஷன். பாலகாட் லைனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அவள் முதல் டிகாஷனை இறக்கியிருக்கிறாள், ஆற்றியிருக்கிறாள், சிந்தினால் துடைத்திருக்கிறாள். குடித்ததில்லை. விதியை மீறினால் என்ன தண்டனை என்று யாருக்கும் தெரியாது. யாரும் மீறிப் பார்த்ததில்லை.

நெருக்கடி, பக்கத்து வீட்டு ஆனியின் தட்டு ரூபத்தில் வந்தது. கிறிஸ்துமஸ் கேக் வந்த தட்டைக் காலியாகத் திருப்புவது லைனில் வழக்கமில்லை. வருஷா வருஷம் முறுக்குதான் போகும்.

"இந்த வாட்டி முறுக்கு வேணாம் பாக்கியம். பல்லு செட்டு புதுசு," என்றாள் ஆனி. "வாயில போட்டா கரையறா மாதிரி எதுனா குடு."

பாக்கியவதி காபி சாக்லேட் ட்ரஃபிள் என்று முடிவு கட்டினாள். சாக்லேட்டை உருக்கி, கிரீமும் டிகாஷனும் கலந்து, குளிரவைத்து உருட்டி, கோகோ தூளில் புரட்ட வேண்டும். டிகாஷன் திக்காக இருக்க வேண்டும் என்று போன் வீடியோவில் வந்த பெண்மணி கறாராகச் சொல்லியிருந்தாள். இந்த வீட்டு விதி அந்தப் பெண்மணிக்கு எப்படித் தெரியும்.

மறுநாள் காலை பாக்கியவதி முதல் டிகாஷனில் இரண்டே ஸ்பூன் திருடினாள். மிச்சம் மாமனாருக்கு என்று மனசுக்குள் ஒரு சமாதான உடன்படிக்கை. உருகி மினுமினுத்த சாக்லேட்டில் அந்த இரண்டு ஸ்பூன் விழுந்ததுதான் தாமதம், மொத்தமும் இறுகி, சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டு மண் மாதிரி ஆகிவிட்டது.

பின்கதவு வழியாக வந்த ஆனி சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா, பயந்து பயந்து ஊத்தினியா?"

"ரெண்டே ஸ்பூனுதான்க்கா."

"அதான். கொஞ்சமா ஊத்தினா சாக்லேட்டு மொறைக்கும். சூடா, தாராளமா ஊத்து. தானா வழிக்கு வரும்."

பாக்கியவதி கிரீமைச் சூடாக்கினாள். வாசலில் நாற்காலி முனகியது.

"பாக்கியம், ஷிஃப்ட்டுக்கு டைம் ஆவுது."

ஃபில்டரைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை கிரீமில் கவிழ்த்தாள். அதைச் சட்டியில் ஊற்றிக் கிளறக் கிளற, சாக்லேட் இளகிப் பளபளத்தது.

ராஜேந்திரன் தன் டம்ளரில் ஒரு வாய் குடித்தார்.

"இன்னா இது, டம்ளர் கழுவின தண்ணியா?"

"ரெண்டாவது டிகாஷன் மாமா. நான் தெனம் குடிக்கறது."

"அப்போ ஸ்ட்ரைக்கு."

"நோட்டீஸ் குடுத்தீங்களா?"

யூனியனில் ஊறிய மனிதர். நடைமுறைக் கோளாறு தம் பக்கம் என்று கண்டதும் மிச்சத்தைக் குடித்து முடித்தார்.

சாயங்காலம் தட்டோடு புறப்பட்ட பாக்கியவதி, வாசலில் நின்று ஓர் உருண்டையை நீட்டினாள்.

"உங்க டிகாஷன்தான் மாமா. இன்னைக்கி மென்னு குடிங்க."

வாய் நெடுநேரம் அசைந்தது. குறை ஒன்றும் அகப்படவில்லை.

"சரி. நாளைக்கி?" என்றார்.

"மைன்ஸ்ல யாரு ஆயுசு பூரா ஒரே ஷிஃப்ட்டு போனாங்க மாமா? மாறி மாறித்தானே வரும்?"

"வரும்," என்றார். பொய் சொல்லத் தெரியாதவர்.

"இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு நானு."

மறுநாள் விடிகாலை வாசல் நாற்காலி காலியாக இருந்தது. செகண்ட் ஷிஃப்ட் ஆட்கள் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருப்பதில்லை. பாக்கியவதி அதில் சாய்ந்து உட்கார்ந்து, முதல் டிகாஷன் காபியைக் குடித்தாள். கசப்பாகத்தான் இருந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.