பெரட்டுக்கு நிற்காத ஸ்கிரிப்ட்

அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். கடைசிப் பத்து வருடம் கணினிப் பிரிவு. எந்தப் பாரத்தை எந்தக் கவுண்டரில் எத்தனை நகலோடு கொடுப்பது என்று கேட்டு, ஈப்போவின் புந்தோங்கில் இன்னும் ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

பின் லோரோங்கில், எங்கள் பின் சந்தில், இருக்கும் ஓர் அம்மாவும் அப்படித்தான் வந்தார். அறுபது வயது தாண்டியும் கையில் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. பிறந்தது பாகான் செராய் பக்கத்து ரப்பர் தோட்டம். குடியுரிமை கேட்கப் பிறப்புப் பத்திரம் கிடையாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக, மருந்து கட்டும் உதவியாளராக, இருந்தவர் வீட்டில் பழைய பிறப்புப் புத்தகம் ஒன்று கிடந்தது. போய், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வந்தேன். அம்மா பெயர் அதில் இருந்தது. அடுத்த மாதம் அந்த டிரஸர் வீட்டில் வெள்ளம் புகுந்து, புத்தகம் கூழாகிவிட்டது.

அம்மா என் கணினியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"இத வாட்சப்புல தட்டி விடுங்கண்ணே."

"அதெல்லாம் முறை இல்லம்மா. திங்கக்கெழமை கவுண்டருக்குப் போகும்போது ஒழுங்கா பிரிண்ட் எடுத்து, கவர் லெட்டரோட குடுக்குறேன்."

"சரிலா, நீங்க ஆபீசரு" என்றார். நான் உள்ளே கோப்பி கலக்கப் போனேன்.

சனிக்கிழமை காலை, மங்கலான படங்களைக் கழிக்க உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் நாம் தட்டும் கட்டளையை வாங்கிச் செய்யும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். அது எழுந்திருக்கும்போது ஒரு தொடக்கக் கோப்பைப் படிக்கும். அதில் நான் alias பல வைத்திருந்தேன். அதாவது கட்டளைகளுக்கு மாற்றுப் பெயர்கள். அழிக்கும் கட்டளையான rm-ஐத் தட்டினால், அது "அழிக்கவா?" என்று கேட்கும் rm -i ஆக மாறிவிடும். பல வருடப் பழக்கம். rm என்றால் கேட்கும் என்றே என் விரல்கள் நம்பிவிட்டன.

அந்த நம்பிக்கையில், கட்டளைகளை வரிசையாக அடுக்கிய ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்: ஒவ்வொரு படத்தையும் திரையில் காட்டு, பிறகு rm. ஓட விட்டேன். அது எதையும் கேட்கவில்லை. படங்கள் வரிசையாக மின்னி மறைந்தன. நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் கோப்புறை காலி.

தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன வேலை, எப்படிச் செய்வது என்று வேலை வாங்கும் மண்டோர் சொல்வார். பெரட்டுக்கு நிற்காதவனுக்கு அது தெரியாது. நான் உட்கார்ந்து தட்டும் ஷெல் பெரட்டுக்கு நிற்கிறது. ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல் தொடக்கக் கோப்பைத் திறக்காமல் நேரே வேலைக்காட்டுக்குப் போய்விடுகிறது. alias அதற்குத் தெரியாது. தெரிந்தாலும், தனியாக உத்தரவு போடாமல் மதிக்காது. இதை இளையவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான்.

வாராவாரம் நகலெடுக்க ஒரு function கூட எழுதி வைத்திருந்தேன். பல கட்டளைகளை ஒரே பெயரில் கட்டிவைத்த நல்ல function. படங்களை எடுத்து வந்ததிலிருந்து நான் அதைக் கூப்பிடவே இல்லை. அழிந்த கோப்புகளை மீட்கும் கருவியைப் போட்டுப் பார்த்தேன். படங்களுக்குப் பதில் சாம்பல் நிறக் கோடுகள் வந்தன. கேமரா அட்டையில் இருந்த படங்களை ஏற்கனவே துடைத்திருந்தேன், முறைப்படி.

பின் லோரோங்குக்கு நடந்து போய்ச் சொன்னேன்.

"எல்லாம் போச்சாண்ணே?"

"எல்லாம்."

அவர் கைப்பேசியை எடுத்து நீட்டினார். "நீங்க கோப்பி கலக்கப் போனீங்கல்ல, அப்ப ஒண்ணு புடிச்சேன். ஏசுவீங்கன்னு சொல்லல."

என் கணினித் திரையின் படம். கோணல், நடுவில் ஜன்னல் வெளிச்சம். ஆனால் அவர் பெயர், அப்பா பெயர், தேதி மூன்றும் படிக்கும்படி இருந்தன.

திங்கட்கிழமை ஈப்போவில் பதிவிலாகா கவுண்டர் அதிகாரி அந்தப் பிரிண்டை வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். அசல் எங்கே என்றார். வெள்ளத்தில் போனதற்கு டிரஸரின் சத்தியப் பிரமாணத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை குத்தினார். பதில் இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் rm மேல் வைத்த alias-ஐ எடுத்துவிட்டேன். அழிக்க வேண்டியதைத் தனிக் கோப்புறைக்கு நகர்த்தும் function ஒன்றை எழுதி, kuppai என்று பெயரிட்டேன். பெரட்டுக்கு நிற்காத ஷெல்லில் அதைத் தட்டினால், அப்படி ஒரு கட்டளை தெரியாது என்று சொல்லும், எதையும் அழிக்காது. இப்போது வருகிறவர்களுக்குப் பக்கங்களைக் காட்டும்போது, கோப்பி கலக்கப் போகுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: போன்ல ஒண்ணு புடிச்சிக்குங்க.