நடுவில் விட்டிருந்த வழி

'ஜெர்மனியில் கார் ஓட்டியவர்' என்றால்தான் ரகுநாதனை அலுவலகத்தில் பலருக்குத் தெரியும். திருச்சிக்காரர், எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், துபாய் கராமாவில் வீடு. துபாய் லைசென்ஸை ஐந்தாவது டெஸ்டில் வாங்கியவர், 2005இல் ஸ்டுட்கார்ட்டுக்குப் பயிற்சிக்குப் போனபோது மனைவி ஜெயபாரதியையும் மகள் ஹர்ஷினியையும் கூட்டிக்கொண்டு வாடகைக் காரில் மியூனிக்வரை போய்வந்தார். சொல்லச் சொல்ல அந்தக் காரின் வேகம் ஏறிக்கொண்டே போய் இருநூறைத் தொட்டிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், அலுவலக ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் கலீலுர் ரஹ்மான் காகிதமும் பேனாவுமாக வீட்டுக்கு வந்தார். மனைவி மரியத்தோடு அடுத்த வாரம் ஜெர்மனி போகிறார்.

"அங்க ஹைவே நம்ம ஷேக் சாயித் ரோடு மாதிரிதானேண்ணே?"

"இல்ல ரஹ்மான். இடது லேன் முந்துறதுக்கு மட்டும்தான். முந்தினதும் வலதுபக்கம் வந்துடணும். வலதுபக்கமா யாரையும் முந்தக் கூடாது. பெட்ரோல் தீர்ந்து நின்னா அதுவே குத்தம். கிராமத்து ரோட்டுல போர்டு இல்லாத சந்திப்புன்னா வலதுபக்கம் வர்றவனுக்கு வழி விடணும். ஊர்ப்பேர் போட்ட மஞ்சள் போர்டைப் பாத்ததும் ஐம்பதுக்குக் குறைச்சிடுங்க."

"டிராஃபிக்ல மாட்டிக்கிட்டா?"

ரகுநாதன் காபியைக் கையில் எடுத்தார். "பொறுமையா நிக்க வேண்டியதுதான்."

ஜெயபாரதி அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ரஹ்மான் விடைபெற்றுப் போனபின் ரகுநாதனால் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நாலு மாடியும் படியிலேயே இறங்கி ஓடினார். ரஹ்மான் காரைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அங்க டிராஃபிக் நின்னா எல்லாரும் ரெண்டு ஓரமா ஒதுங்கி, நடுவுல வழி விடுவாங்க. அதுல போயிடாதீங்க. ஆம்புலன்ஸுக்கு விட்ட வழி அது."

"நீங்க போனீங்களாண்ணே?"

"போனேன். சும்மா கிடக்கிற ரோட்டை விட்டுட்டு நிக்கிறானுங்களே, விவரமில்லாதவனுங்கன்னு நினைச்சேன். முப்பது வண்டி தாண்டியிருப்பேன். முன்னாடி ஒரு லாரி சரியா ஒதுங்கல, மாட்டிக்கிட்டேன். பின்னாடி சைரன்."

அன்று பக்கத்து வண்டிகள் முன்னும் பின்னும் நகர்ந்து நகர்ந்து அவருக்கு இடம் உண்டாக்கின. ஐந்து நிமிஷமாவது ஆகியிருக்கும். யாரும் திட்டவில்லை. பக்கத்துக் காரில் இருந்த ஒரு கிழவி, கண்ணாடியை இறக்காமல், பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து வயது ஹர்ஷினி பின்சீட்டில் குனிந்து, "அப்பா, எவ்ரிபடி இஸ் லுக்கிங் அட் அஸ்" என்றாள். ஆம்புலன்ஸ் கடந்தபோது அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரஹ்மான் திறந்த கார்க் கதவை மூடினார். "யாருக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுதா?"

"தெரியாது. விசாரிக்கவும் இல்ல."

"இங்க எல்லார்கிட்டயும் இருநூறுல பறந்தேன்னுல்ல சொன்னீங்க."

"ஆமா."

ரஹ்மான் காகிதத்தைக் கார் பானட்டில் விரித்து, கடைசி வரியாக அதையும் எழுதிக்கொண்டார். "வர்றேண்ணே" என்றதில் வழக்கமான சிரிப்பு இல்லை.

ரஹ்மான் யாரிடமும் சொல்லவில்லை. அதுவே ரகுநாதனை உறுத்தியது. டீ நேரத்தில் யாராவது அந்த இருநூறைப் பற்றிக் கேட்டால், ரஹ்மான் தலை குனிந்து டீயைக் கலக்குவார். ரகுநாதன் வேலை இருப்பதாக எழுந்து போவார்.

பிறகு ஒருநாள், அந்த ஆம்புலன்ஸ் யாருக்காகப் போயிருக்கும் என்று ஜெயபாரதியிடம் முதல்முறையாகக் கேட்டார்.

"ரெண்டு வருஷமா நானும் அதைத்தான் நினைச்சிட்டிருக்கேன்" என்றாள்.